இருநூற்று நான்கு மீற்றர்

பிள்ளை பெர்னடெட்,

சென்ற செவ்வாய்க்கிழமை நீர் வந்திருந்தபோது தேத்தண்ணீரைக் கொடுத்துவிட்டு, கடித்துக் குடிக்கப் பனங்கட்டி வைக்க மறந்துவிட்டேன். சீனியைக் கண்ணால் கண்டு எத்தனை மாதம் என்பது உமக்கும் தெரியும். ஆனால் பனங்கட்டி வீட்டில் இருந்தது. வெறும் சாயத்தை ஒரு சொல் சொல்லாமல் குடித்து முடித்தீர். நீர் போன பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது. பொறுத்துக்கொள்ளும். அன்றைக்கு என் கவனமெல்லாம் நீர் மடியில் வைத்திருந்த இரண்டு அறிக்கைகளில் இருந்தது.

இரண்டும் என் கையெழுத்துத்தான். "பஞ்சலிங்கம் அளந்தால் அளந்ததுதான், இன்னொருத்தன் சங்கிலி பிடிக்கத் தேவையில்லை" என்று என் பழைய அரசாங்கக் கந்தோரில் சொல்வார்கள். மேலே இருந்தது 1984ஆம் ஆண்டு மே மாத அறிக்கை. அதில் முட்டைத்திட்டிக்கும் கம்புப்பாதைக்கும் இடைத்தூரம் நாற்பது மீற்றர். கீழே இருந்தது அதே ஆண்டு யூன் மாத அறிக்கை. அதே திட்டி, அதே பாதை, இருநூற்று நான்கு மீற்றர். பத்து வருடமாக ஒருவர் கண்ணிலும் படாத வித்தியாசம், பல்கலைக்கழக வளாக நூலகத்துக்கு வந்து சேர்ந்த பழைய கடதாசிகளைத் தூசி தட்டிய உம்முடைய கண்ணில் பட்டிருக்கிறது. கெட்டிக்காரிதான்.

"ஒரு மாசத்துக்குள்ள பாதை எப்பிடி ஐயா நகர்ந்தது?" என்று கேட்டீர். "அப்பாதான் கம்பை மாத்தி அம்மாவைக் கொண்டவர் எண்டு ஊர் சொல்லுது. நான் மாத்தேல்லை எண்டு முதல் சொல்லிக்கொண்டிருந்தவர். இப்ப அவர் அதையும் சொல்லுறதில்லை."

நான் கள்ள முழி முழித்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது நீர் சைக்கிளை எடுத்துவிட்டீர். அதனால்தான் எழுதுகிறேன். கடதாசி கிடைக்காதபடியால் பழைய விண்ணப்பப் படிவங்களின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். அதைக் குறையாக எடுக்க வேண்டாம். ஓரிடத்தில் இருந்து எழுதவும் முடியவில்லை. நாலு வரி எழுதினால் எழும்பி முற்றத்தில் இரண்டு சுற்று நடக்க வேண்டியிருக்கிறது. "ஏன் உப்பிடி உலாத்துறியள், காலுக்கு ஓய்வே இல்லையோ?" என்று என் மனைவி அருந்ததி மூன்று தரம் கேட்டுவிட்டார். எனக்கு இளமையிலிருந்தே கால் ஓரிடத்தில் நிற்காது. சண்டிலிப்பாயில் எங்கள் புகையிலைத் தோட்டத்தில் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறக்கூட என்னை விடமாட்டார்கள், நின்ற இடத்தில் நிற்கமாட்டான் என்று.

என் வேலை என்ன என்பதை முதலில் சொல்கிறேன். கடல்நீர் ஏறி இறங்கும் களப்பிலோ கரையிலோ யாராவது தொழில் தொடங்க விண்ணப்பம் போட்டால், அது மீனுக்கு ஐஸ் போடும் வாடியோ, உப்புப் பாத்தியோ, இறால் குளமோ எதுவானாலும், அங்கேயுள்ள காட்டுயிர்களின் வாழிடத்தைக் காக்கிற விதிகளோடு அது பொருந்துகிறதா என்று பார்த்து எழுதுவது. அனுமதி கொடுப்பதும் மறுப்பதும் மேலிடம். அளப்பதும் எண்ணுவதும் நான். பதினான்கு வருடத்தில் ஒரு விண்ணப்பத்துக்கும் கை நனைத்தவன் அல்ல. ஒரு சோடாகூட வாங்கிக் குடித்ததில்லை.

உங்கள் அந்தோனியார்புரத்துக்கும் சாவகச்சேரிக் கரைக்கும் நடுவே களப்பில் கிடந்த அந்தச் சிப்பி மேட்டை, அந்த முட்டைத்திட்டியை, உமக்கு ஞாபகம் இருக்கும். வைகாசி பிறந்தால் அங்கே ஆலாக்கள் வரும். வெள்ளை உடம்பும் கருப்புத் தொப்பியுமாக, கைக்குள் அடங்கும் பறவை. கூடு என்று பெரிதாக ஒன்றும் கட்டாது. சிப்பித் தூளில் நெஞ்சால் ஒரு குழி பறித்து அதிலே இரண்டு முட்டை. நிழலுக்கு ஒரு பற்றைகூட இல்லாத இடம். தாய்ப்பறவைதான் முட்டைக்கு நிழல். உச்சிவெயிலில் அது எழும்பிப் போனால் பத்து நிமிடத்தில் முட்டை கெட்டுவிடும். கெடாததைக் காகம் கொண்டுபோகும். அந்தப் பறவைகள் மேல் எனக்கு உயிர். பிள்ளை இல்லாதவன் என்பதால் அப்படி என்று கந்தோரில் சொன்னார்கள். அப்படியும் இருக்கலாம்.

அந்த வருடம் சாவகச்சேரி வியாபாரி தில்லைநாதன், திட்டியைச் சுற்றி நாற்பது ஏக்கரில் இறால் குளம் வெட்ட விண்ணப்பம் போட்டார். முட்டையிடும் இடத்தைச் சுற்றித் தொழில் கூடாது என்று விதி இருந்தது. ஆனால் அதே விதியில் ஒரு விலக்கும் இருந்தது. இருநூறு மீற்றருக்குள் சனம் வழமையாக நடக்கும் பாதை இருந்தால் அந்த இடம் குழப்பமில்லாத வாழிடம் ஆகாது, பாதுகாப்பும் கிடையாது. தில்லைநாதனின் சட்டத்தரணி அந்த விலக்கைப் பிடித்துக்கொண்டார். அந்தோனியார்புரத்துப் பெண்கள் மீன் கடகத்தோடு சந்தைக்குப் போகிற கம்புப்பாதை திட்டியை ஒட்டித்தானே போகிறது என்று எழுதி, ஊர்ச்சனத்திடம் கையெழுத்தும் வாங்கிக் கொடுத்தார். குளம் வந்தால் ஊருக்கு வேலை வரும் என்று எல்லோரும் வைத்திருந்தார்கள். உம்முடைய அப்பா பேதுருவும் வைத்திருந்தார், அம்மா யோசப்பினும் வைத்திருந்தார். அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

மே மாதம் நான் போய் அளந்தேன். நாற்பது மீற்றர். உள்ளதை உள்ளபடி எழுதினேன். எழுதி அனுப்பிய பிறகு எனக்கு நித்திரை இல்லை. அனுமதி கொடுத்த மாதிரித்தான். யூன் பதினான்காம் தேதி மேலதிகாரிகள் நேரில் வந்து பார்த்து முடிவு சொல்வதாகக் கடிதம் வந்தது.

அளக்கப் போன நாட்களில்தான் உம்முடைய அம்மாவைப் பழக்கம். கடகத்தை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பகிடி பண்ணுவார். "உந்த முட்டையளை எண்ணி எண்ணி என்ன ஐயா செய்யப்போறியள்? பொரிச்சுத் தந்தாலும் தின்னமாட்டியள்." எனக்குச் சிரிப்பு வந்தது. உத்தியோகத்தில் இருந்ததால் சிரிக்கவில்லை.

பாதையின் வழமையையும் அவர்தான் சொன்னார். மாரி வெள்ளம் களப்புச் சேற்றைப் புரட்டிப் போடுவதால் வருடா வருடம் புதிதாய்க் கம்பு நட வேண்டும். உயிர்த்த ஞாயிறு கழிய ஊர் ஒருவரைத் தெரிந்தெடுக்கும். அவர் நிலத்தைக் குத்திப் பார்த்து உறுதியான இடமாய்க் கண்டல் கம்பு நடுவார். ஒவ்வொரு கம்பிலும் ஓலை கட்டி, தனக்கென்று ஒரு முடிச்சுப் போடுவார். பிறகு அவருடைய மனைவி நிறை கடகத்தைத் தலையில் வைத்துக்கொண்டு முதல் ஆளாக நடக்க வேண்டும். அவர் அக்கரை சேர்ந்தால் பாதை திறந்தது. அதற்குப் பிறகு யாரும் நிலத்தைப் பார்ப்பதில்லை, கம்பைப் பார்த்தே நடப்பார்கள். நடுவில் சேறு இளகினால் நட்டவரே வந்து சில கம்புகளை மாற்றி நடுவார், ஊருக்குச் சொல்ல வேண்டும் என்றுமில்லை.

"ஒருத்தரும் குத்திப் பாக்கிறேல்லையோ?" என்று கேட்டேன்.

"சீ, அது நட்ட ஆளை அவமதிக்கிற மாதிரி, ஐயா. எங்கடை ஆள் முடிச்சுப் போட்டா முடிஞ்சுது" என்றார். நாலு வருடமாக உம்முடைய அப்பாதான் நடுகிறார் என்பதில் அவருக்குப் பெருமை.

இனி நான் செய்ததற்கு வருகிறேன். விதி கேட்டது இருநூறு. பாதை நாற்பதில் கிடந்தது. நான் விதியில் கை வைக்கவில்லை, ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. கம்பைத்தான் மாற்றினேன். திட்டிக்கு நேரே வருகிற பத்தொன்பது கம்புகளையும் பிடுங்கித் தெற்கே கொண்டுபோய் நட்டேன். யூன் பன்னிரண்டு பிற்பகல். மறுநாள் அந்தோனியார் திருநாள் என்பதால் ஊரில் நின்ற ஆண்கள் எல்லோரும் கோவில் சோடனையில் நின்றார்கள். திருநாளன்று யாரும் சந்தைக்குப் போவதில்லை. பதினான்காம் தேதி அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டுப் போனதும் அன்று பின்னேரமே பழைய இடத்தில் நட்டுவிடுவது என்று நினைத்திருந்தேன். இரண்டு நாள் வேலை. ஒருவருக்கும் ஒரு நட்டமும் இல்லை என்று கணக்குப் போட்டேன்.

ஓலை முடிச்சையும் உம்முடைய அப்பாவின் முடிச்சாகவே போட்டேன். இரண்டு சுற்று, பிறகு வாலைக் கீழே இழுத்துச் செருகுவது. முதல் இரண்டு சரிவரவில்லை, அவிழ்த்துத் திரும்பக் கட்டினேன். யாராவது தற்செயலாகக் கண்டால் பேதுரு மாற்றியிருக்கிறார் என்று பேசாமல் போவார்கள் என்பதற்காகத்தான். வேறு கெட்ட எண்ணம் இல்லை.

அங்கே சிப்பிக் கிடங்கு இருந்தது எனக்குத் தெரியுமா என்று கேட்பீர். பழைய நில அளவைப் படத்தில் குறித்திருந்தது. சுண்ணாம்புச் சூளைக்காரர் முந்திய காலத்தில் சிப்பிக்காக வெட்டிய ஆழப் பள்ளங்கள். தூர்ந்துபோயிருக்கும் என்று எண்ணினேன். நடும்போது பதினாறு கம்பு வரை நிலம் நன்றாக இருந்தது. பதினேழுக்கும் பதினெட்டுக்கும் நடுவில் என் கைத்தடியை விட்டுப் பார்த்தேன். மேலே காய்ந்த பொருக்கு, அதற்குக் கீழே தடி போய்க்கொண்டே இருந்தது. அடி தட்டவில்லை. வளைத்து நட்டிருக்கலாம்தான். திட்டிப் பக்கம் வளைத்தால் நூற்றெண்பதுக்கு வந்துவிடும், மற்றப் பக்கம் கிடங்கு எவ்வளவு தூரம் போகிறது என்று பார்க்கப் பொழுது இருக்கவில்லை. வரி நேராகவும் இருக்க வேண்டும். வளைந்த பாதையைக் கண்டால் ஏன் வளைந்தது என்று அதிகாரிகள் கேட்பார்கள். ஆகவே நேராக நட்டேன். பிறகு சங்கிலி பிடித்து அளந்தேன். இருநூற்று நான்கு வந்தது. அளந்ததை எழுதினேன். மே மாத அறிக்கையோடு இது ஒத்துப்போகாது என்பது அப்போது தோன்றவில்லை. அதை நினைக்க இப்போது வெட்கமாக இருக்கிறது.

ஆக, பாதையை நகர்த்தியது நான். உம்முடைய அப்பா அல்ல. இந்தக் கடிதத்தை அவரிடமும் காட்டும், ஊர்ப்பெரியவர் நீக்கிலாப்பிள்ளை மூப்பரிடமும் காட்டும், கோவிலில் வாசிக்கச் சொன்னாலும் எனக்கு மறுப்பில்லை.

எழும்பி ஒருக்கால் கிணற்றடிக்குப் போய் வந்தேன்.

திருநாளன்று காலையில் நான் திட்டியில் இருந்தேன். ஓரத்தில் நாலு ஓலை சாத்தி ஒரு மறைப்பு வைத்திருந்தேன். விடிய முன்னரே உள்ளே போய்விட்டால் பறவைகள் பயப்படாது. மறுநாளுக்கு எண்ணிக்கை வேண்டும். இருநூற்றுப் பன்னிரண்டு கூடு. சோளகக் காற்றுப் பலமாக வீசியது, உடம்பெல்லாம் உப்பு. காலை நீட்ட இடமில்லை. எழும்பிப் போய்விடலாம் என்று இருபது தரம் நினைத்திருப்பேன்.

அன்று பஸ் ஓடவில்லை. ஏதோ கடையடைப்பு. அது என் கணக்கில் இருக்கவில்லை. முதல்நாள் பகல் குருநகருக்கு வள்ளக் கூலிக்குப் போயிருந்த உம்முடைய அப்பா திருநாளுக்கு வரமுடியாமல் போனதும் அதனால்தான். உமக்குக் காய்ச்சல் ஏறியிருந்ததும் என் கணக்கில் இருக்கவில்லை. பூசை முடிந்து சனம் பந்தலில் சாப்பாட்டுக்கு இருந்த நேரம், உம்முடைய அம்மா மருந்துக்காகச் சாவகச்சேரிப் பெரியாஸ்பத்திரிக்குக் களப்பால் நடந்து வந்தார். கடகம் இல்லை. திருநாள் சேலை. கலவை மருந்து வாங்க ஒரு வெறும் போத்தல் கையில். கம்புகள் திரும்புகிற இடத்தில் கொஞ்சம் நின்றார். ஓலையைத் தூக்கி முடிச்சைப் பார்த்தார். பிறகு நடந்தார். தூரக்கண்ணாடியில் முகம்கூடத் தெரிந்தது. ஒரு சந்தேகமும் இல்லாத முகம்.

பன்னிரண்டு பத்துக்குப் பொருக்கு உடைந்தது.

நான் எழும்பவில்லை. ஏன் என்று சொல்கிறேன், கோபப்படாமல் வாசியும். நான் எழும்பினால் திட்டி முழுவதும் எழும்பும். அந்த வெயிலில் இருநூற்றுப் பன்னிரண்டு கூடும் போய்விடும். மறுநாள் அதிகாரிகள் வந்து பார்க்கும்போது வெறும் சிப்பி மேடு. தில்லைநாதனுக்கு அனுமதி. ஒருவர் இடுப்பளவு சேற்றில் நிற்பது களப்பில் புதினம் இல்லை, தானாக ஏறிவிடுவார் என்றும் நினைத்தேன். நெஞ்சளவு ஆனபோது, இனிப் போனாலும் இருநூறு மீற்றர் சேற்றில் நடந்து சேர நேரம் காணாது என்று நினைத்தேன். இரண்டும் நியாயமான நினைப்புத்தான். ஒன்றுக்குப் பிறகு மற்றது வந்ததுதான் பிழை. என் கால் அந்த நேரம் அசையவே இல்லை. எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

பின்னேரம் ஊர் தேடி வந்தது. மறுநாள் உம்முடைய அப்பா குருநகரிலிருந்து நடந்தே வந்து சேர்ந்தார். யாரோடும் பேசாமல் நேரே கம்படிக்குப் போய் ஓலையைப் புரட்டிப் பார்த்தார்.

"முடிச்சு என்ரை முடிச்சுத்தான். ஆனா நான் மாத்தேல்லை" என்றார்.

நீக்கிலாப்பிள்ளை மூப்பர் அவருடைய சட்டையைப் பிடித்துக்கொண்டார். "முடிச்சுப் பொய் சொல்லுமோடா, பேதுரு? கிடங்கிலை நட்டுப்போட்டு ஊருக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் போனியோடா?"

உம்முடைய அப்பா என் பக்கம் திரும்பினார். நான் அளவுக்காரன், அங்கேயே கிடக்கிறவன் என்று அவருக்குத் தெரியும். "ஐயா, நீங்கள் ஒண்டும் காணேல்லையோ? ஆரும் வந்து கம்பிலை கை வைச்சவங்களோ?"

"நான் பறவைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தனான்" என்றேன். அது பொய் அல்ல. அவர் அப்படியே சேற்றில் குந்திவிட்டார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். அன்று எனக்கு அந்தப் பழமொழி ஞாபகம் வந்தது, வாயைத் திறக்கத்தான் வரவில்லை. பயமாக இருந்தது. அதை ஒளிக்கவில்லை.

அதிகாரிகள் ஜீப்பில் வந்து, சனக்கூட்டத்தின் நடுவே, நான் எழுதியதைச் சரி பார்த்தார்கள். இருநூற்று நான்கு சரியாக இருந்தது. பாதை பாதுகாப்பற்றது, ஓர் உயிரிழப்பும் நேர்ந்துள்ளது, ஆகவே சனம் வழமையாக நடக்கும் பாதை என்று கொள்ள முடியாது என்று ஒரு பந்தி சேர்க்கச் சொன்னார்கள். சேர்த்தேன். நல்ல பந்தி என்று பாராட்டினார்கள். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. குஞ்சுகள் ஆடியில் பறந்தன.

அதற்குப் பிறகு நடந்தவற்றுக்கு நான் பொறுப்பில்லை. தில்லைநாதன் கனடா போய்விட்டார். இரண்டு மூன்று வருடத்தில் அந்தப் பக்கம் ஷெல் விழத் தொடங்கியது. பிறகு யார் யாரோ காவலரணுக்கென்று திட்டியின் சிப்பியை வெட்டி மூட்டையில் கட்டிக்கொண்டு போனார்கள். அங்கே இப்போது ஆலா வருவதில்லை. உம்முடைய அப்பாவை மறுவருடம் கம்பு நட ஊர் கூப்பிடவில்லை என்றும், அவரும் அதற்குப் பிறகு களப்பில் இறங்கவில்லை என்றும் கேள்விப்பட்டேன். போய்ச் சொல்லியிருக்க வேண்டும். ஒவ்வொரு வருடமும் இந்த வருடம் சொல்லலாம் என்று இருந்தேன்.

போகும்போது சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று ஒரு கேள்வி கேட்டீரே, அதற்கும் பதில் சொல்ல வேண்டும். அம்மா துடிச்சு அந்தரிச்சவவோ, அல்லது சனம் சொல்வதுபோல உடனே செத்துப்போட்டாவோ என்று. உடனே போகவில்லை. கூப்பிட்டார். மறைப்புக்குள் நான் இருப்பது அவருக்குத் தெரியும். காற்றுத் தெற்கிலிருந்து வந்தது, சொல்லுச் சொல்லாகக் கேட்டது. முதலில் "ஐயா" என்றார். பிறகு என் பெயரைச் சொன்னார். பிறகு "பிள்ளை தனியக் கிடக்கு, ஐயா" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

நீர் விஞ்ஞானம் படிக்கிறீர், அதனால் இதையும் எழுதி வைக்கிறேன். இருநூறு மீற்றர் என்று எந்தக் கணக்கில் விதித்தார்கள் என்று நான் பல நாள் யோசித்ததுண்டு. சும்மா விதித்ததல்ல. அந்தத் தூரத்தில் நின்று ஒரு மனிசி நாற்பது நிமிடம் கூப்பிட்டாலும், ஒரு பறவைகூட முட்டையை விட்டு எழும்பாது.